புயலுக்குப் பின் கிராமப் புனர்நிர்மாணம்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



புயல் வரும்போது செய்ய வேண்டியவற்றை நம் மக்கள் இன்று நன்கு அறிந்திருக்கிறார்கள். எச்சரிக்கை முன்னதாகவே வருகிறது; பள்ளிக்கூடங்களும் பாதுகாப்பு இல்லங்களும் திறந்து வைக்கப்படுகின்றன. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்குள் 80,000க்கும் மேற்பட்ட மக்கள் பாதுகாப்பான இடங்களை அடைந்திருந்தனர். உயிரைக் காக்கும் முறையில் நாம் பெரிதும் முன்னேறியிருக்கிறோம் என்பதில் ஐயமில்லை.

ஆனால், காற்று ஓய்ந்து வீடு திரும்பியவர் கண்டதென்ன? கூரை பறந்துவிட்டது. தோப்பு படுத்துவிட்டது. மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் சாய்ந்தமையால் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. இவ்வாறு திரும்பி வந்தவரை மீண்டும் குடியும் குடித்தனமுமாக நிலைக்கச் செய்வது எப்படி? இன்று நாம் ஆராய வேண்டிய விஷயம் இதுவே.

இதற்கு அரசாங்கத்திடம் திட்டம் உண்டா என்று கேட்கலாம். உண்டு. 2005ஆம் ஆண்டில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. பின்னர் 15ஆவது நிதிக் குழு, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, மாநிலப் பேரிடர் நிதியை ஒரு முறையாகப் பகுத்தது. நூறு ரூபாயில் நாற்பது உடனடி மீட்புக்கும் நிவாரணத்துக்கும், முப்பது புனர்நிர்மாணத்துக்கு, பத்து முன்னேற்பாட்டுக்கு, எஞ்சிய இருபது, ஆபத்தின் கடுமையைக் குறைக்கும் பணிகளுக்கு. அரிசியும் வேட்டி சேலையும் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்ற பழைய எண்ணம் மாறியதற்கு இப்பகுப்பு ஒரு சான்று. எனினும் பணம் ஒதுக்கப்படுவது ஒன்று. அது உரியவர் கைக்குச் சேர்வது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது கிராமத்துக் கணக்கு.

தென்னையையே எடுத்துக்கொள்வோம். கஜாவுக்குப் பின், விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் நிவாரணமும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. ஹெக்டேருக்கு 175 மரங்கள் எனக் கொண்டால் 1,92,500 ரூபாய். வெட்டி அகற்றத் தனியே பணம் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். மட்கும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். விழுந்த மரத்தைக் கிடக்கவிட்டால், தப்பி நின்ற மரத்தையும் புதிதாக வைத்த தென்னம்பிள்ளையையும் அவ்வண்டு அழித்துவிடும். ஆகவே அந்த 500 ரூபாய் பழைய தோப்புக்கான செலவன்று; வருங்காலத் தோப்புக்கான காப்பு. புதுக் கன்று காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை நிழலற்றுக் கிடக்கும் நிலத்தில் உளுந்தோ, நிலக்கடலையோ, எள்ளோ போட்டால்தான் குடும்பம் நடக்கும்.

இவையெல்லாம் தோப்புடையவருக்கு. யார் தோப்புடையவர்? பட்டா பாட்டனார் பெயரில் இருக்கும். பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்திருக்கும். மூன்று அண்ணன் தம்பிகள் தனித்தனியே உழுதுகொண்டிருப்பார்கள். கோயில் நிலத்தையோ பிறர் நிலத்தையோ குத்தகைக்கு எடுத்து மரம் வளர்த்தவர் வேறு இருப்பார். குத்தகையாளர் பெயரைப் பதிய 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருந்தும், பதியாமல் காலம் கழிப்பவர் பலர். புயலுக்கு மறுநாள் இவர்கள் கிராம நிர்வாக அலுவலர் முன் வந்து நின்றால் அவர் எதைப் பார்த்து எழுதுவார்? கையிலுள்ள பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதுவார். இதில் அலுவலர்மீது கோபம் கொள்வது எளிது, பயனில்லை. மரமேறியும் மட்டை உரித்தும் கீற்று முடைந்தும் பிழைக்கும் மக்களின் நிலை இதனினும் பரிதாபம். மரம் அவர்களுடையதன்று, ஆகவே மரக்கணக்கில் அவர்கள் வருவதில்லை. ஆனால் தோப்பு விழுந்த அன்றே அவர்கள் கூலியும் விழுந்துவிட்டது.

இனி, 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த ஆழிப்பேரலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் மாண்ட ஏறத்தாழ 8,000 பேரில், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர். உதவி வெள்ளம்போல் வந்தது. உள்ளூரில் எது வேண்டும் என்று கேளாமலும் வந்தது. நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணிகள் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தன. மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் கூடி ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைத்த பிறகே, யாருக்கு எது தேவை என்ற விவரம் ஓரிடத்தில் சேர்ந்தது. தார்த்தகட்டுக் கொட்டகைகளில் வெயிலில் வாடிய குடும்பங்களுக்கு நிரந்தர வீடு எழும்ப நெடுநாள் பிடித்தது. எனினும் அவ்வீட்டுத் திட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது: பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்பது. நம் வட்டாரங்களில் எந்த வீட்டுத் திட்டத்துக்கும் இவ்விதியை நாம் பரிந்துரைப்போம்.

மீனவர் துயரம் கடற்கரையில் எல்லோர் கண்ணிலும் பட்டது. உப்பு நீர் புகுந்த வயலின் துயரம் அவ்வாறு கண்ணில் படவில்லை. அதைச் சீர்திருத்தும் முறையை விவசாயிகள் அறிந்திருப்பது நல்லது. முதலில் கடல் கொண்டுவந்து போட்ட மணலையும் சேற்றையும் வழித்தெடுக்க வேண்டும். வரப்பை உயர்த்தி நல்ல நீரைத் தேக்கி வடிக்க வேண்டும். ஒரு முறையன்று, பல முறை. மண் பரிசோதனையில் தேவை எனத் தெரிந்தால் ஜிப்சம் இட வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். இங்கே ஒன்றைக் கவனிக்க: ஒருவர் வடிக்கும் உப்பு நீர் அடுத்தவர் வயலில் போய் நின்றால் என்ன பயன்? வடிகால் ஊர்ப் பொதுவாக வெட்டப்பட்டாலன்றி ஒரு காணி நிலமும் தனியே திருந்தாது. இது ஊராட்சியின் வேலை. எந்தத் தொண்டு நிறுவனமும் இதைக் கடைசி வரை இருந்து செய்துகொடுக்க இயலாது.

வெளி மாநிலத்து அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதி பூகம்பத்தில் இடிந்தது. அங்கே பெரும்பாலான வீடுகளை உடையவர்களே கட்டிக்கொண்டார்கள். அரசாங்கம் பணத்தைத் தவணைகளாகக் கொடுத்தது. அஸ்திவாரமும் சுவரும் பூகம்பம் தாங்கும் முறையில் எழும்புகின்றனவா என்று பொறியாளர்கள் பார்த்த பிறகே அடுத்த தவணை. ஒப்பந்தக்காரர் வரிசையாகக் கட்டித் தரும் வீட்டில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் இடமிருப்பதில்லை; குடியிருப்பவர் தாமே கட்டும் வீட்டில் இருக்கும். செலவு எப்படியாயினும், இம்முறையே நம் கிராமங்களுக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து.

ஆகவே, நாம் உங்களிடம் கேட்பது ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு ஊராட்சியிலும் வீட்டுக்கு ஒரு பக்கம். குடும்பத்தில் எத்தனை பேர், அவர்களுள் முதியோர், உடல் ஊனமுற்றோர், கைம்பெண்கள் எவரெவர். வீடு ஓடா, கூரையா. நிலம் யார் பெயரில், உழுபவர் யார். மரம் எத்தனை, மாடு எத்தனை. நிலமற்றவராயின் பிழைப்பு என்ன. சர்வே எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் ஏற வேண்டும். இதற்குச் சட்ட மதிப்பு இல்லையே என்பீர்கள். வருவாய்த் துறைப் பதிவேட்டுக்கு இது மாற்று அல்ல. ஆனால் அங்கே பெயர் விடுபட்டவர் யார் என்பதைப் புயலுக்கு முன்பே காட்டிக்கொடுக்கும். பட்டா மாறுதலுக்கும் குத்தகைப் பதிவுக்கும் மனுச் செய்ய அவகாசம் கிடைக்கும்.

அக்டோபர் 2 கிராம சபை இதற்கு வாய்ப்பான நாள். வடகிழக்குப் பருவமழை அதன் பிறகே தொடங்குகிறது. அன்று பெயர்களையும் நில விவரங்களையும் உரக்க வாசிக்க வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் சபையில் வாசிக்கலாகாது. ஆட்சேபம் உள்ளவர் அங்கேயே எழுந்து சொல்லட்டும். சச்சரவு வரத்தான் செய்யும். புயலுக்குப் பின் நிவாரண வரிசையில் வரும் சச்சரவைவிட இது எவ்வளவோ மேல். தெருவில் குடியிருப்பு தள்ளியிருக்கிறது என்பதற்காக எந்தச் சேரியையும் காலனியையும் கடைசிப் பக்கத்துக்கு ஒதுக்கிவிடாதீர்கள். கணக்கெடுப்பு அங்கிருந்தே தொடங்கட்டும்.

புத்தகம் இரண்டு படிகளாக இருக்க வேண்டும். ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் தரையிலுள்ள பெட்டியில் வைக்காமல், பாலிதீன் உறையிலிட்டு உயரமான இடத்தில் வையுங்கள். மற்றொன்றை வட்டார அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அச்சிட்ட படிவத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கோடிட்ட நோட்டில் கைப்பட எழுதிக் கொணர்ந்தாலும் நாங்கள் பெற்றுக்கொள்வோம்.