விதியா? விதி மீறலா?

(இராஜாக்கமங்கலத்தில் பேசியதன் சுருக்கம்)



நமது ஜில்லா இனயம் புத்தன்துறையில் 2025 மார்ச் 1-ந் தேதி, தேவாலயத் திருவிழா வேலையின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு 4 பேர் மாண்டார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சை களிமேட்டில் அப்பர் தேர் கம்பியில் உரசி 11 பேர் மாண்டார்கள். இரண்டையும் "விதி" என்கிறோம். மின்சாரத்துக்கு இந்து, கிறிஸ்தவன் என்ற பேதமுண்டா? நிலத்துக்குப் போக வழி கிடைத்தால் போய்விடும், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் மட்டும் என்ன வாழ்கிறது? வயரிங் செய்ய வருகிறவரை என்ன ஜாதி என்று கேட்கிறோமே ஒழிய, லைசென்ஸ் உண்டா என்று கேட்கிறோமா? மூன்று துளை பிளக்கில் மேலேயுள்ள பெரிய துளை எர்த்துக்கு. இரும்புப் பெட்டியில் கசியும் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போவதற்காக வைத்தது. பல வீடுகளில் துளை இருக்கிறது, பின்னால் பச்சைக் கம்பி இல்லை! வாசலில் எலுமிச்சம்பழம் மட்டும் தவறாமல் தொங்குகிறது.

ஸ்விட்சை அணைத்த பிறகும் பல்பு ஹோல்டரில் டெஸ்டர் எரிந்தால், ஸ்விட்சை பேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பல்பு மாற்றுகிறவன் கதி என்ன?

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி உண்டு. அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை இன்றிரவே அமுக்கிப் பாருங்கள். துண்டிக்காவிட்டால் நாளையே வயர்மேனைக் கூப்பிடுங்கள்.