ரிமோட்டை எடுப்பதற்கு முன்

தொலைக்காட்சி பார்ப்பதும் ஒரு கலை என்று வானொலியில் வந்து சொன்னால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. அந்தக் காலத்தில் எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' திரைப்பாடல் நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை சினிமா. தொடர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு நாள். பல தொடர்கள் 13 வாரத்தில் முடிந்துவிடும். அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாததால் வந்த அடக்கம் அது. இந்தி நிகழ்ச்சியைப் புரியாமலே கடைசிவரை பார்த்தவர்கள்தானே நாம்!

1993-இல் சன் டிவி வந்தது. பிறகு நாள்தோறும் வரும் மெகா தொடர்கள் வந்தன. கதை முடியாது, யாரோ அதிர்ந்து திரும்பும் நேரத்தில் 'தொடரும்' போடுவார்கள். ஆனாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓடிடியில் அதுவும் போயிற்று. ஓர் எபிசோட் முடிந்த சில விநாடிகளில் அடுத்தது தானே ஓடுகிறது. எங்கே நிறுத்துவது என்பதை இனி நாம்தான் முடிவு செய்யவேண்டும். அந்த முடிவை உட்காருவதற்கு முன்பே எடுத்துவிடுவதுதான் நான் சொல்லும் கலை.

இதில் கைதேர்ந்தவர் யார் தெரியுமா? நாம் கேலி செய்யும் பாட்டிதான். தன் சீரியலுக்குச் சரியான நேரத்தில் வந்து உட்காருவார். ஒரு வசனம் விடமாட்டார், வில்லியைத் திட்டுவார். முடிந்ததும் "அதை அணைச்சிடுப்பா" என்று எழுந்துவிடுவார். கதை எப்படியோ போகட்டும், பார்க்கும் முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையில் செல்போனும் எதிரே டிவியுமாக, "என்ன போடறான்?" என்று சேனல் சேனலாக மேய்கிறோமே, நாம்தான் ஒன்றையும் பார்ப்பதில்லை.

குழந்தைக்கு டிவியைக் காட்டிச் சோறூட்டும் வீடுகளுக்கும் ஒரு சொல். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. சாப்பாட்டு நேரத்தில் அணைத்துவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி இன்னும் எளிது. யூடியூபிலும் நெட்ஃபிளிக்ஸிலும் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தும் வசதி உண்டு. இன்றிரவு படுக்கப் போகும் முன் அதை நிறுத்திவையுங்கள்.