முதலில் வேண்டுவது வெப்பம்



வீட்டில் இறைச்சிக் கோழி வளர்க்க முற்படும் நாம் தீவனத்தைப் பற்றியே எண்ணுகிறோம். ஆனால், முதல் இரு வாரங்களில் குஞ்சுகளுக்குப் பெரும்பகை குளிரும் ஈரமுமே.

முதல் வாரம் ஏறத்தாழ 33 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 3 பாகை குறைக்கலாம். வெப்பமானி இல்லையேல் குஞ்சுகளே நமக்கு உணர்த்தும். விளக்கடியில் நெருக்கியடித்து நின்றால் குளிர்; விலகிச் சென்று வாய்திறந்து மூச்சிரைத்தால் வெப்பம் மிகுதி; எங்கும் பரவி இரையெடுத்தால் போதுமானது. மழையிரவில் எழுந்து பார்ப்போம். நனைந்த மரத்தூளை உடனே மாற்றுவோம்.

கடன்பட்டு 100 குஞ்சுகள் வாங்கி ஓரிரவில் இழப்பதினும், 20 குஞ்சுகளைக் காக்கப் பழகுவதே மேல். ஆறேழு வாரங்களில் அவையே ஏறத்தாழ 2 கிலோ எடைக் கோழிகளாகி நமக்குப் பயன் தரும்.