உழுத புல்வெளி எப்போது மீளும்?



கஜகஸ்தானின் வடக்கே விரிந்து கிடக்கும் ஸ்டெப்பி புல்வெளியில் ஆண்டு மழை 300 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். மரங்கள் தாக்குப்பிடிக்கத் திணறும் அந்த மண்ணில் இறகுப்புல் செழித்து நிற்பதற்கு அதன் வேர்களே காரணம். ஒரு தூரைப் பெயர்த்துப் பார்த்தால், வெளியே தெரியும் புல்லைவிட மண்ணுக்குள் இருக்கும் வேரே அதிகமாக இருக்கும். ஆண்டுதோறும் அதில் ஒரு பங்கு மடிந்து மக்குகிறது. அந்தக் கரிய மண்ணின் வளம் பல்லாயிரம் ஆண்டுகளாக இப்படிச் சேர்ந்ததுதான்.

1954இல் அங்கே டிராக்டர்கள் வந்தன. தானியப் பற்றாக்குறையைத் தீர்க்க சோவியத் தலைவர் நிகிதா குருஷ்சேவ் முன்னின்று தொடங்கிய கன்னி நிலத் திட்டத்தில், கஜகஸ்தானில் மட்டும் சுமார் 2.5 கோடி ஹெக்டேர் நிலம் உழப்பட்டது. 1956இல் அமோக விளைச்சல். திட்டம் வென்றுவிட்டதாகவே பலரும் நம்பினார்கள்.

உண்மையில் அந்த விளைச்சல் புல் சேர்த்து வைத்த வளத்திலிருந்து வந்தது. கோதுமை நிலத்தில் நிற்பது சில மாதங்கள்தான். மற்ற நாட்களில் மண் வெறுமையாகக் கிடக்கும். உழுது புரட்டிய மண்ணுக்குள் காற்று புக, நுண்ணுயிர்கள் மக்கை வேகமாகத் தின்று தீர்க்கின்றன. புல் கொடுத்த அளவுக்குக் கோதுமையின் வேர் மண்ணுக்குத் திருப்பித் தருவதில்லை. 1960களின் தொடக்கத்தில் புழுதிப்புயல்கள் மேல்மண்ணை வாரிச் சென்றன. 1963இல் வறட்சியும் சேர்ந்துகொள்ள, சோவியத் அரசு கனடாவிடமும் அமெரிக்காவிடமும் கோதுமை வாங்க வேண்டியதாயிற்று.

ஷோர்தாந்தி ஆய்வு நிலையத்தில் இருந்த வேளாண் அறிஞர் அலெக்சாந்தர் பராயெவ் மாற்று வழி காட்டினார். மண்ணைப் புரட்டாமல், அடியில் தட்டையான அலகைச் செலுத்திக் களையின் வேரை மட்டும் அறுக்கும் முறை அது. அரிதாள் அப்படியே வயலில் நிற்கும். காற்றின் வேகம் அதில் பட்டுக் குறையும். பனி அதற்கிடையே தங்கும். வசந்தத்தில் அந்தப் பனி உருகி மண்ணில் இறங்கும். மழை குறைந்த நாட்டுக்கு அதுவே பெரிய வரவு. தொடக்கத்திலேயே அவர் பேச்சைக் கேட்டிருந்தால் எவ்வளவோ மண் மிஞ்சியிருக்கும்.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. கூட்டுப் பண்ணைகள் நொடித்தன. ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல் தரிசாயின. முதலில் களைகள் மண்டின. பிறகு மாசிபத்திரி இனச் செடிகளும் பலவகைப் புற்களும் வந்தன. இறகுப்புல் திரும்பி வர இருபது ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். மண்ணின் கரிமம் ஏறுவதோ அதைவிட மெதுவாக.

மேய்ச்சல் இல்லாமல் போனதும் சிக்கலானது. அதே ஆண்டுகளில் ஆட்டு மந்தைகள் பெருமளவு சுருங்கின. சைகா மான்கள் வேட்டையில் அழிந்து போகும் நிலைக்கு வந்தன. மேய ஆளில்லாத காய்ந்த புல் தேங்கித் தீப்பிடிப்பது பெருகியது. பாதுகாப்பு முயற்சிகளால் சைகா இப்போது பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவற்றால் மேய்ச்சலும் பயிரும் பறிபோவதாக மேற்குக் கஜகஸ்தான் விவசாயிகள் முறையிடுகிறார்கள். தரிசாய்க் கிடந்த வயல்களில் ஒரு பகுதி 2000க்குப் பிறகு மீண்டும் உழவுக்கு வந்திருக்கிறது. இனி உழுவதாயின், இறகுப்புல் திரும்பி வேரூன்றிய வயல்களை விட்டுவிட்டு, களை மட்டுமே மண்டிய அண்மைத் தரிசுகளிலிருந்து தொடங்குவதே சரி.