விபத்துக்கு முகவரி உண்டு



கம்பனையும் பாரதியையும் பேசுகிற மேடையில், இன்று சாலையைப் பற்றிப் பேச இடம் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

2023-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் உயிரிழந்தவர்கள் 18,347 பேர் என்கிறது அரசின் பதிவு. ஒரு நாளைக்கு ஐம்பது பேர். இருக்கை நிறைய ஆள் ஏற்றிய பேருந்து ஒன்று தினந்தோறும் கிளம்பி, வீடு திரும்பாமலே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேரும் ஒரே இடத்தில் இறந்தால் நாடே அழும். ஐம்பது ஊர்களில் ஒவ்வொருவராக இறப்பதால், அது உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாகிவிடுகிறது.

அந்த நான்கு வரியைப் படித்துவிட்டு நாம் என்ன சொல்கிறோம்? விதி என்கிறோம். நேரம் சரியில்லை என்கிறோம். அதே வளைவில் மூன்றாவது ஆளும் விழுந்தால், ‘அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது’ என்று எலுமிச்சம்பழம் வெட்டிப் போடுகிறோம், பூசணிக்காய் உடைக்கிறோம். அந்த நம்பிக்கையை நான் பழிக்க வரவில்லை. சொல்லப்போனால் அதில் பாதி உண்மை. அந்த இடத்தில் உண்மையிலேயே ஏதோ இருக்கிறது! புளியமரக் கிளை தாழ்ந்து எச்சரிக்கைப் பலகையை மறைத்திருக்கும். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை அரைகுறையாக மூடியிருப்பார்கள். சென்டர் மீடியன் ஓரத்தில் மணல் படிந்து கிடக்கும். விளக்குக் கம்பம் இருக்கும், விளக்கு எரியாது. என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்து, அதை எடுத்துவிடுவதுதான் சாலைப் பாதுகாப்புக் குழுவின் வேலை. (பூசணிக்காய் உடைக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உடைத்த கையோடு ஓரமாகத் தள்ளிவிடுங்கள். ஆயுத பூஜை இரவில் அதில் வழுக்கி விழுகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.)

விபத்துக்கு முகவரி உண்டு. இன்ன ஊர், இன்ன சாலை, இன்ன கிலோமீட்டர் கல், பொழுது சாய்ந்து இன்ன நேரம். முகவரி தெரிந்துவிட்டால் அதைத் தடுக்க முடியும். இந்த ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன்.

காவல் நிலையத்தில் விபத்து வழக்கு ஒன்றின் முதல் தகவல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற வாசகம் இருக்கும். அநேகமாக எல்லா அறிக்கையிலும் இருக்கும். குற்றவாளி யார் என்று சட்டம் கேட்கிறது, அதற்கு அந்த வாசகம் தேவை. ஆனால் அந்த வாசகத்தோடு விசாரணை முடிந்துவிட்டால், மரக்கிளை அங்கேயே தொங்கும், பள்ளம் அங்கேயே கிடக்கும். ஓட்டுநர் மீது வழக்கு நடக்கும்போதே அடுத்த ஓட்டுநர் அதே வளைவுக்கு வந்துகொண்டிருப்பார். யார் செய்தது என்பது நீதிமன்றத்தின் கேள்வி. எதனால் நடந்தது, மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்வது என்பது குழுவின் கேள்வி. இரண்டும் வேண்டும். இரண்டாவது கேள்வியை நம் நாட்டில் நெடுங்காலம் யாரும் உரக்கக் கேட்கவில்லை.

உரக்கக் கேட்டவர் நம் கோயம்புத்தூர்க்காரர். கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு போட்டார். உடைந்த எலும்புகளை ஒட்டவைக்கிற ஒருவர், எலும்பு உடையாமலிருக்க என்ன வழி என்று நாட்டின் உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழுவை நீதிமன்றம் அமைத்தது. 2017 நவம்பர் 30 அன்று வந்த தீர்ப்பு, மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொன்னது. மாவட்ட ஆட்சியர் தலைவர். காவல் கண்காணிப்பாளர், நெடுஞ்சாலைப் பொறியாளர்கள், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், சுகாதாரத் துறையினர் உறுப்பினர்கள். அதோடு நிறுத்தவில்லை. பொதுமக்கள் தரப்பிலிருந்தும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்று சொன்னது. அந்த மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது. அது காலியாகக் கிடந்தால் அந்தக் குறை நம்முடையது.

இவ்வளவு பேர் எதற்கு ஒரு மேசையில் என்று கேட்கலாம். நம் பேருந்து நிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. தெருவிளக்கு உள்ளாட்சியுடையது. விளக்குக்கு வருகிற கம்பி மின்வாரியத்துடையது. பேருந்து எங்கே நிற்கிறது என்பது போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. போக்குவரத்தை ஒழுங்குசெய்வது காவல் துறை. பக்கத்தில் ஆக்கிரமிப்பு இருந்தால் அது வருவாய்த் துறைக்கும் போகும். நூறு அடி நீளத்துக்கு இத்தனை சொந்தக்காரர்கள்! ‘விளக்கு எரியவில்லை, இருட்டில் ஆள் அடிபடுகிறது’ என்று ஓர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனால், ‘இது எங்களுடையது இல்லை’ என்று அடுத்த அலுவலகத்தைக் காட்டுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அது அவர்களுடையது இல்லை. மனு கையில் இருக்கும், மாதம் போய்க்கொண்டிருக்கும், இருட்டு அப்படியே இருக்கும். எல்லாரையும் ஒரே நாளில், ஒரே இடத்தில், சாலையோரத்திலேயே நிற்கவைத்துப் பார்க்கச் சொல்வதற்குத்தான் கூட்டாய்வு. நிழலில் உட்கார்ந்து படம் பார்த்து முடிவு செய்வதற்கும், பொறியாளர் தானே ஒருமுறை அந்தச் சாலையைக் குறுக்கே கடந்து பார்ப்பதற்கும் இருக்கிற வித்தியாசத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். எழுதிவைத்திருந்த தீர்வையே அங்கே மாற்றிக்கொள்வார்கள்.

எங்கள் பகுதியில் ஒரு பள்ளி. வாசல் மாநில நெடுஞ்சாலையைப் பார்த்துத் திறக்கும். மணி அடித்ததும் பிள்ளைகள் அணை திறந்தாற்போல் சாலைக்கு வருவார்கள். வேகத்தடை போடு என்பதுதான் ஊரின் ஒரே கோரிக்கை. அதிகாரிகள் கூட்டாய்வுக்கு வந்தபோது, சாலைக்கு எதிரே தேநீர்க்கடை வைத்திருப்பவர் ஒரு வார்த்தை சொன்னார்: “பின்னால தெருப் பக்கம் ஒரு கேட் இருக்குங்க, பூட்டியே கிடக்குது.” எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். அந்தக் கேட்டைத் திறந்தார்கள். முன்வாசலை மாலையில் மூடினார்கள். பேருந்து நிறுத்தத்தைத் தெருமுனைக்குத் தள்ளிவைத்தார்கள். பெரிய செலவு எதுவும் இல்லை. பூட்டைத் திறந்த சாவிதான் தீர்வு. அந்தத் தேநீர்க்கடைக்காரர் எந்தக் குழுவிலும் உறுப்பினர் இல்லை. இன்று எங்கள் சாலைப் பாதுகாப்புக் குழுவின் கூட்டம் அவர் இல்லாமல் நடப்பதில்லை.

வேகத்தடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஒரு சாவு விழுந்தால் சாலை மறியல். மறியலைக் கலைக்க ஒரு வாக்குறுதி. அன்று இரவே தார்க்கலவையைக் கொட்டி ஒரு மேடு. வண்ணம் இல்லை, பலகை இல்லை, விளக்கு இல்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் இதற்கு அளவு சொல்லியிருக்கிறது. வட்டமான வேகத்தடை என்றால் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை அகலம். நம் ஊர் மேடுகளோ ஒரு முழ அகலத்தில் சுவர் மாதிரி நிற்கின்றன. கணவன் ஓட்ட, பின்னால் ஒருபக்கமாகக் கால் போட்டு, மடியில் குழந்தையோடு உட்கார்ந்து வருகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். இருட்டில் அந்த மேடு தெரியாமல் வண்டி குதித்தால் முதலில் தூக்கி எறியப்படுவது யார்? ஒரு சாவுக்காகப் போட்ட மேடு இன்னொரு சாவுக்குக் காரணமாகக் கூடாது. வேகத்தடை கேட்கலாம். அளவோடு கேளுங்கள், வெள்ளைக் கோட்டோடு கேளுங்கள், முன்னதாக எச்சரிக்கைப் பலகையோடு கேளுங்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. குறுக்கே குழந்தை ஓடுவதைக் கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகும். பிரேக் பிடிப்பதற்கு முன்பே 17 மீட்டர் போய்விட்டது! எவ்வளவு திறமையான ஓட்டுநரும் அந்த ஒரு விநாடியை மிச்சம் பிடிக்க முடியாது. ‘எனக்கு வண்டி நன்றாக ஓட்டத் தெரியும்’ என்று சொல்கிற தம்பிகள் இந்த 17 மீட்டரை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடிக்கடி விபத்து நடக்கும் இடத்தைக் கரும்புள்ளி என்கிறோம். தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து ஐந்து நடந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும் என்பது அதற்கு மத்திய அரசு வைத்திருக்கிற வரையறை. இப்போது சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ‘ஐராட்’ செயலியில் காவலர்கள் விபத்து நடந்த இடத்திலிருந்தே விவரம் ஏற்றுகிறார்கள். நல்ல முன்னேற்றம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் கேட்கிறேன்: பத்துப் பேர் இறந்த பிறகுதான் ஓர் இடம் ஆபத்தானது என்று தெரிய வேண்டுமா? மயிரிழையில் தப்பியது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. காவல் நிலையத்துக்குப் போகாத சிராய்ப்பு எந்தச் செயலியிலும் வராது. அது யாருக்குத் தெரியும்? ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவருக்குத் தெரியும். முனையில் பூக்கட்டுகிற அம்மாவுக்குத் தெரியும். பால் வண்டிக்காரருக்குத் தெரியும். ‘இந்த முக்குல வாரத்துக்கு ஒருத்தன் விழுறான்’ என்று அவர்கள் சொல்வது, ஒரு மரணத்துக்கு முன்பே கிடைக்கிற முகவரி. உள்ளூர்க் குழு என்று ஒன்று இருப்பதற்கே இதுதான் காரணம். அரசின் பதிவு இறந்தவர்களை எண்ணும். ஊரின் நினைவுதான் இறக்கப்போகிறவர்களைக் காப்பாற்றும்.

கோவையில் அண்மை ஆண்டுகளில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யு-டர்னும் அமைத்திருக்கிறார்கள். வண்டிகள் நிற்காமல் போகின்றன, காத்திருப்பு குறைந்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் வண்டி நிற்காத இடத்தில் நடக்கிறவர் எப்போது கடப்பது? சிவப்பு விளக்கு அவருக்குக் கொடுத்த அரை நிமிடமும் போய்விட்டதே! இந்தியாவில் 2022-இல் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள், 19 பேர் நடந்து போனவர்கள். காருக்குள் இருப்பவரின் அவசரத்தைக் கேட்கிற அளவுக்குக் கையில் பையோடு நிற்கிற மூதாட்டியின் தயக்கத்தையும் கேட்கிற குழுதான் முழுமையான குழு. கூட்டத்துக்கு நடந்து வருகிற ஒருவரையாவது உறுப்பினராக வையுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

பெற்றோர்களே, உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன். பதினாறு வயதுப் பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுப்பது பாசம் ஆகாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அவன் அந்தச் சட்டத்தை மீறினால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. சட்டத்துக்குப் பயந்தாவது நிறுத்துங்கள் என்று கேட்கும் நிலை வந்திருப்பது எனக்கு வருத்தம்.

விபத்து நடந்துவிட்டால், அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள், தூக்க ஆள் வருவதில்லை. போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம். அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு உதவி செய்கிறவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெயர் சொல்லக் கட்டாயமில்லை, சாட்சியாக வரக் கட்டாயமில்லை. 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரத்துக்கு, எந்த மாநிலத்தவராக இருந்தாலும் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கட்டணமில்லாத சிகிச்சை உண்டு. யார் பணம் கட்டுவது என்று யோசித்து நிற்கிற நிமிடங்களில் உயிர் போகக் கூடாது.

நிறைவாக, இங்கிருந்து போகும்போது உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். நீங்கள் தினமும் கடக்கிற சாலையில், உங்களுக்கு நெஞ்சு திக்கென்று ஆகிற ஓர் இடம் கட்டாயம் இருக்கும். அதை எழுதுங்கள். சாலையின் பெயர், அருகில் இருக்கிற கடையோ கோயிலோ, எந்த நேரத்தில் ஆபத்து, என்ன காரணம் என்று படுகிறது, அவ்வளவுதான். ஒரு புகைப்படம் சேருங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பிறகு விட்டுவிடாதீர்கள். அது மாவட்டக் குழுவின் கூட்டத்துக்கு வந்ததா, என்ன முடிவானது, எந்தத் துறை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் போட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் எங்களோடு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்போம். உங்கள் பெயரைவிட அந்த இடத்தின் பெயரை முதலில் எழுதிவிட்டுப் போங்கள்.