நூலால் அளந்த வானம்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

பிறை பார்க்கும் மாலைகளில் நாம் மேற்கு வானையே நோக்கி நிற்கின்றோம். சூரியன் அடைந்த சற்று நேரத்தில் அதே திசையில் பிறை தென்படுகின்றது. இரண்டும் அக்கம்பக்கத்தில் இருப்பவை போலவே கண்ணுக்குத் தோன்றும். சூரியன் சந்திரனைப் போல் 400 மடங்கு அகலமானது. ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் உள்ளது. ஆகவேதான் இரண்டும் ஒரே அளவாகக் காட்சி தருகின்றன.

பள்ளிப் பாடநூல்களின் படங்களும் இந்த மயக்கத்தைத் தீர்ப்பதில்லை. ஒரே பக்கத்தில் எட்டுக் கோள்களையும் அடுத்தடுத்து வரைந்துவிடுகின்றார்கள். பாடநூலைக் குறை சொல்லிப் பயனில்லை. உண்மையான அளவில் வரைய எந்தத் தாளும் போதாது. எனவே நமது ஊரின் பொருளைக் கொண்டே அளந்து பார்ப்போம்.

30-ஆம் கவுண்ட் பருத்தி நூலை அறியாத வீடு நம் மஹல்லாவில் இராது. கவுண்ட் என்பதே ஒரு நீளக் கணக்குத்தான்: ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே அந்த எண். அவ்வாறாயின் 30-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளும். ஒரு கிலோ நூலின் ஒரு முனையைத் திருப்பூரில் கட்டினால் மறுமுனை கோவையைத் தொட்டுவிடும்.

சந்திரன் சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதுவரை நீட்ட ஏழரை டன் நூல் வேண்டும். ஒரு லாரியில் ஏற்றிவிடலாம். சூரியனோ 14 கோடியே 96 இலட்சம் கிலோமீட்டர். அதற்குப் பத்து டன் லாரிகள் முந்நூறுக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். கடைசிக் கோளாகிய நெப்டியூனுக்குச் சூரியனிலிருந்து நூல் விட்டால் 8,800 லாரிகளும் போதா. இத்தனை நூலை எந்த மில் கடனுக்குக் கொடுக்கும் என்பது வேறு கேள்வி!

அங்கே சென்று அளக்க இயலாத தொலைவை மனிதன் எவ்வாறு அறிந்தான்? கட்டைவிரலை முகத்திற்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பின்பு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போல் தோன்றும். இவ்வாறே வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடக்கும்போது பூமியில் வெகுதூரம் விலகிய இரு இடங்களிலிருந்து கவனித்தால், அந்த மாற்றத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம். இதற்காகவே லெ ஜென்டில் என்னும் பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானதால் கரையிறங்க இயலாது, கப்பலில் இருந்தபடியே அக்காட்சியைக் கண்டார். ஆடும் கப்பலில் துல்லியமான அளவு எடுக்க முடியவில்லை. எட்டாண்டுகள் கழித்து 1769 ஜூனில் புதுச்சேரியிலேயே காத்திருந்தார். அன்று காலை மேகம் மறைத்துவிட்டது. 1874-இல் அடுத்த கடப்பு நிகழ்ந்தபோது, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் பொதுமக்களுக்காக உருது உள்ளிட்ட பல மொழிகளில் விளக்க நூல் வெளியிட்டார். நாமறிந்த காலத்தில் 2004-இலும் 2012-இலும் நிகழ்ந்தது. இனி 2117-இல்தான்.

நம் காலத்துச் சாதனைக்கு வருவோம். 2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 விண்கலம் புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பயின்று, 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். நான்கு மாதங்கள் பயணித்து 2024 ஜனவரி 6-இல் அக்கலம் தன் இடத்தை அடைந்தது. சூரியனை ஆராயச் சென்ற அது கடந்த தொலைவு 15 இலட்சம் கிலோமீட்டர்; சூரியனுக்குள்ள தூரத்தில் நூற்றில் ஒரு பங்கு. நம் கணக்கில் மூன்று லாரி நூல். பூமியின் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும் ஒத்துப்போய், பூமியோடு சேர்ந்தே சுற்றிவர இயலும் இடமாதலின் அதைத் தேர்ந்தார்கள்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் பெண் பிள்ளைகளைச் செக்கிங் வேலைக்கு அனுப்பிவிடலாமா என்று நம்மிடம் ஆலோசனை கேட்டு வரும் பெற்றோர் உண்டு. அவர்களுக்குச் செங்கோட்டையின் பெயரை நாம் தவறாது சொல்லி வருகின்றோம்.

வரும் கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கொண்டு அவிநாசி சாலையில் ஒரு மாதிரி அமைக்கக் கருதியுள்ளோம். நூறு கோடி கிலோமீட்டரை ஒரு கிலோமீட்டராகச் சுருக்கினால், சூரியன் நான்கரை அடி அகலம். அதைக் கட்டிங் வேஸ்ட் துணியைத் தைத்தே செய்துவிடலாம். இரயில் நிலையத்தருகே அதை நிறுத்தினால், பூமி 150 மீட்டரில், கோலிக்குண்டினும் சற்றுச் சிறியதாக நிற்கும். அதிலிருந்து ஒன்றேகால் அடியில் சந்திரன், சிறு மிளகளவு. வியாழன் 780 மீட்டரில். நெப்டியூன் நாலரை கிலோமீட்டரில், அனுப்பர்பாளையம் வாக்கில். 1977-இல் புறப்பட்ட வாயேஜர்-1 அவிநாசியையும் தாண்டி 25 கிலோமீட்டருக்கு அப்பால் சென்றுகொண்டிருக்கும். அடுத்த விண்மீனை வைக்க 40,000 கிலோமீட்டர் போக வேண்டும். அது உலகை ஒரு சுற்றுச் சுற்றி வரும் தூரமாதலால் அதை மட்டும் விட்டுவிடுகின்றோம். துணி தருவதாகச் சிலர் முன்வந்துள்ளார்கள். சைக்கிள் உள்ள பிள்ளைகள் பெயரைக் கொடுத்தால் நெப்டியூனை அவர்களிடமே ஒப்படைப்போம்.