பிள்ளை பெற்ற பின் தீராத களைப்பு – அது சோம்பல் இல்லை

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுக்கிற இடத்தில் நம் காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. "அவ பிள்ளை பெத்து ரெண்டு வருசமாச்சு. இன்னும் முடியல முடியலன்னு லயத்துலயே படுத்துக் கிடக்கா. எல்லாம் சோம்பல்தான்." வீட்டிலும் அதே ஏச்சுத்தான். சிலர் தோஷம் என்று சொல்லி நூல் கட்டுவார்கள். இப்படி ஏச்சு வாங்குகிற பெண்களில் சிலருக்கு உண்மையாகவே ஒரு வருத்தம் இருக்கலாம். அதைப்பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம் தலைக்குள்ளே, மூளைக்கு அடியில், பட்டாணிக் கடலை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. கபச்சுரப்பி என்று சொல்வார்கள். அதன் நிறை ஏறக்குறைய அரை கிராம்தான். ஆனால் உடம்பின் மற்றச் சுரப்பிகள் பலவற்றுக்கும் கட்டளை அங்கிருந்துதான் போகிறது. பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற கணக்கப்பிள்ளை வராவிட்டால் என்ன நடக்கும்? ஆள் இருந்தும் வேலை நடக்காது. அது போலத்தான் இதுவும். இந்தச் சுரப்பி கெட்டால் தாய்ப்பால், மாதவிடாய், உடம்புச் சூடு, பலம் எல்லாம் குறைந்து போகும்.

இது ஏன் கெடுகிறது? மூளைக்கு அடியில் வளரும் கட்டி, தலையில் பலத்த அடி, இப்படிப் பல காரணம் உண்டு. முத்திரைப் புடையன் என்றும் கண்ணாடி விரியன் என்றும் சொல்கிற பாம்பு கடித்த சிலருக்கும் இது வந்திருக்கிறது. ஆனால் நம் தாய்மார் முக்கியமாக அறிய வேண்டிய காரணம், பிரசவத்தில் அதிக இரத்தம் போவது.

கர்ப்ப காலத்தில் இந்தச் சுரப்பி பருத்துவிடும். அதற்கு இரத்தம் கூடுதலாக வேண்டும். அந்த நேரத்தில் இரத்தம் கொட்டிப் பிரஷர் விழுந்தால், சுரப்பிக்கு இரத்தம் போகாமல் அதன் ஒரு பகுதி செத்துப் போகும். 1937ஆம் ஆண்டில் ஷீஹான் என்ற பிரித்தானிய வைத்தியர் இதை விளக்கி எழுதினார். அதனால் இதற்கு ஷீஹான் நோய் என்று பெயர்.

அடையாளங்களைக் கவனமாகக் கேளுங்கள். பிரசவத்தில் இரத்தம் நிறையப் போயிருக்கும். பிறகு மார்பில் பால் சுரக்காது. பிள்ளை பால் குடிக்காவிட்டாலும் மாதவிடாய் திரும்பி வராது. அக்குளிலும் மறைவிடத்திலும் முடி உதிரும். மற்றவர்களுக்குத் தாங்கக்கூடிய குளிர் இவருக்குத் தாங்காது. முகம் வெளுத்துப் போகும். எழுந்து நின்றால் தலை சுற்றும். இரும்புச்சத்து மாத்திரை குடித்தும் களைப்புத் தீராது. சிலருக்கு இவை உடனே தெரியும், சிலருக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

பயப்பட வேண்டாம். பால் குறைந்த எல்லாத் தாய்க்கும் இந்த நோய் என்று அர்த்தமில்லை. பிள்ளையைச் சரியாக அணைத்துக் கொடுக்காததாலும் பால் குறையும். ஆனால் இரத்தப்போக்கும் இந்த அடையாளங்களும் சேர்ந்திருந்தால் சும்மா இருக்கக் கூடாது. தோட்ட வைத்தியசாலையில் "பிரசவத்தில் எனக்கு நிறைய இரத்தம் போனது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஐந்து வயது, பத்து வயது ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை வைத்தியருக்குப் பெரிய உதவி. அவர் கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு கொடுப்பார். அங்கே காலையில் இரத்தம் எடுத்துப் பல ஓமோன்களைச் சோதிப்பார்கள். தேவைப்பட்டால் தலையை ஸ்கேன் செய்வார்கள்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. உடம்பில் குறைந்த ஓமோனை மாத்திரையாகக் கொடுப்பதுதான் வைத்தியம். முதலில் ஹைட்ரோகோர்ட்டிசோன் கொடுப்பார்கள், அதற்குப் பிறகுதான் தைரொக்சின். இந்த வரிசை முக்கியம். தைரொக்சினை முதலில் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே பக்கத்துக் காம்பராவில் உள்ளவரின் தைரொயிட் மாத்திரையை வாங்கிக் குடிக்காதீர்கள். தைரொக்சினை விடியற்காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடித்து, அரை மணித்தியாலமாவது கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள். இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணித்தியாலம் இடைவெளி வேண்டும்.

ஒன்றை மறக்கவே கூடாது. இந்த மாத்திரைகளை அநேகமாக ஆயுள் முழுவதும் குடிக்க வேண்டும். சுகமாகிவிட்டது என்றோ, கிளினிக் போனால் ஒரு நாள் பேர் போய்விடும் என்றோ ஹைட்ரோகோர்ட்டிசோனை நிறுத்தினால் மயங்கி விழுந்து உயிர் போகலாம். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், பெரும்பாலும் இரண்டு மடங்காக. எவ்வளவு, எத்தனை நாள் என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். விடியும் வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. கிளினிக் கொப்பியைக் கூடவே கொண்டு போங்கள்.

நோய் வராமல் காப்பதுதான் எல்லாவற்றிலும் மேல். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுங்கள். பிள்ளை பிறந்தவுடன் அங்கே போடுகிற ஊசி கர்ப்பப்பையைச் சுருக்கி இரத்தப்போக்கைக் குறைக்கும். கர்ப்ப காலத்தில் இரத்தச்சோகைக்குக் கொடுக்கிற மாத்திரையைப் பெட்டிக்குள் போட்டு வைக்காமல் குடியுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மணித்தியாலத்துக்குள் துணி முழுதாக நனைந்தால், வாகனம் தேடி அலையாமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம்.

கடைசியாக மாமியார்மாருக்கும் புருஷன்மாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பெற்றவள் முடியவில்லை என்று சொன்னால் ஏசாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரை ஒழுங்காகக் குடித்தால் பெரும்பாலும் அவள் மறுபடியும் கூடை தூக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம், நம்மோடு சிரித்துப் பேசலாம்.